மூன்று யூனிட்

பெரியாஸ்பத்திரியில் மிஸ்ஸி எழுதித் தந்த துண்டு
சேட் பொக்கற்றோடு தோய்ந்து போயிற்று.
தோய்த்தது நான்தான்.
சாரதா தாய்வீட்டுக்குப் போய் நாற்பது நாள்.
காயவிட்டுப் பிரித்தபோது மிஞ்சியது:
வியாழன். ஐந்தரை. மண்டபத்துக்குப் பின்னால்.
எந்த மண்டபம் என்பது
சவர்க்கார நுரையோடு
கிணற்றடி வாழைக்குப் போய்விட்டது.

திரும்பிப் போய் மிஸ்ஸியைக் கேட்டிருக்கலாம்.
ஒழுங்கை முகப்பில் நிற்கிற யாரையும் கேட்டிருக்கலாம்.
என்னவென்று கேட்பது?
தவறணைக்கு வழி கேட்டால்
கண்ணை மூடிக்கொண்டு கை காட்டுவார்கள்.
இதற்கு வழி கேட்க
முதலில் நான் யாரென்று சொல்ல வேண்டும்.

நான் கரண்ட் மீற்றர் பார்க்கிறவன்.
பதினேழு வருடம்.
கொட்டடியிலிருந்து குருநகர் வரை
எந்தப் படலை கிறீச்சிடும்,
எந்த நாய் குரைத்துவிட்டு வாலாட்டும் என்று தெரியும்.
நாய்களுக்கும் என்னைத் தெரியும்,
விடிய எட்டு மணி மணத்தை வைத்தே.
'கேதாரம், இண்டைக்கு நிதானமோ?' என்று
பில்லை வாங்கியபடி கேட்ட ரீச்சர்
பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

போன மாசியில் ஒரு வீட்டுக்கு
எண்பதுக்குப் பதில் எண்ணூறு எழுதினேன்.
அந்த வீட்டில் ஒரு மனிசி, ஒரு றேடியோ, இரண்டு பல்ப்.
கந்தோருக்கு வந்து கத்தியிருக்கலாம்.
பில்லை நாலாக மடித்து
என் மேசையில் வைத்துவிட்டுப் போனா.

பதினோராம் நாள் இரவு. நித்திரை இல்லை.
நடுங்குகிற கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.
பழைய றீடிங் கொப்பிகளை இறக்கி
மண்டபங்களில் மட்டும் விரல் வைத்துப் போனேன்.
கலியாண மண்டபம்: ஆனியில் ஆயிரத்துக்கு மேல், மார்கழியில் பட்டினி.
வாசிகசாலை மண்டபம்: எப்போதும் அறுபது.
பிறகு,
கடற்கரை வீதிப் பக்கம், கோயிற்பற்று மண்டபத்தின் பின்னறை.
தனி மீற்றர். ஒருவரும் குடியில்லை.
மூன்று. மூன்று. நான்கு. மூன்று.
பக்கத்தில் என் கையெழுத்து:
'மீற்றர் பழுதோ? பார்க்க.'
பார்க்கவேயில்லை நான்.

ஆணியிலிருந்து கலண்டரைக் கழற்றினேன்.
நான்கு வந்த மாதங்களில்
வியாழன் ஐந்து.

ஒரு பல்ப், ஒரு ஃபான்,
கேத்தலில் ஒருதரம் தண்ணீர் கொதிக்கிற நேரம்.
இவ்வளவையும் ஒரு வருடமாக
நானே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

வியாழன் சபையின் சேட்டைப் போடாமல் போனேன்.
படலையில் ஏற்கனவே ஒருவர்,
நகக்கண்ணில் மீன் செதில் மினுங்க.
'மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்,
தையல் வகுப்பு' என்றார், நான் கேட்காமலே.
'நானும்' என்றேன்.
எனக்கு மகள் இல்லை.
இரண்டு பேரும் கடல் இருக்கிற பக்கத்தைப் பார்த்தோம்.
ஐந்தரை. ஐந்து நாற்பது.

காற்றுப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு
திறப்போடு ஒரு மனிசி வந்தா.
'தையல் வகுப்பு செவ்வாயெல்லோ'
என்றா, எங்களைப் பாராமல், பூட்டைப் பார்த்து.
'கதிரையெல்லாம் தூசு. நீங்களே தட்டிப்போட்டு இருங்கோ.'

அவர் ஒரு அடி பின்வாங்கினார்.
நானும்.
யார் முதலில் ஓடுவது என்று
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றதில்
ஒருவரும் ஓடவில்லை.

உள்ளே நடந்ததைச் சொல்ல மாட்டேன்;
அங்கே கேட்டது அங்கேயே.
சுவிச்சைப் போட்டதும்
பல்ப் ஒருதரம் இமைத்துப் பிடித்தது.
கதிரையைத் தட்டிக்கொண்டே நினைத்தேன்:
சுவருக்கு அந்தப்பக்கம், தூசு படிந்த கண்ணாடிக்குள்,
சில்லு இப்போது அசையத் தொடங்கியிருக்கும்.
கறுப்புக் கோடு போய்
மறுபடி முன்னால் வர
எவ்வளவு நேரம் எடுக்கும் என்று
ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

தேத்தண்ணிக்குச் சீனி காணாது.
அடுத்த கிழமை
நான் கொண்டுவருவதாகச் சொன்னேன்.